வில்லும் சுத்தியலும்: வாசகர் கேள்வி – பதில்

வயலின் குடும்பத்தைச் சேர்ந்த, கீழ்ச்சுரம் பேசும் பெரிய வில்வாத்தியமான செலோவுக்கும் பியானோவுக்குமாக நம் காலத்தில் எழுதப்பட்டுவரும் சொனாட்டாக்களை, அதாவது பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப்படைப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கம் எழுதியிருந்தேன். குளத்து நீர்மட்டத்தையும் நெல் விலையையும் பற்றி எழுதும் வாசகர்கள் இதற்கும் கடிதம் எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்த கடிதங்கள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே விட்டுவிடுகிறேன்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் பேத்தி செலோ பழகுகிறாள். ஷ்னிட்கே என்பவர் எழுதிய சொனாட்டாவைத் தன் கல்லூரி மேடையில் வாசித்து, அதன் ஒலிப்பதிவை எனக்கு அனுப்பியிருந்தாள். மூன்று தடவை கேட்டேன். எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்று தெரியவில்லை. செலோ பிரதான வாத்தியமா, பியானோ பக்கவாத்தியமா என்பதைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. அவளிடம் "நல்லாயிருக்கு பிள்ளை" என்று பொய் சொல்லிவிட்டேன். அடுத்த முறை பொய் சொல்லாதிருக்க வழி சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, விசுவமடு

பதில்: பேத்தியிடம் நீங்கள் சொன்னது பொய்யாக இருக்கலாம்; உங்கள் காது பொய் சொல்லவில்லை. எது பிரதானம், எது பக்கம் என்று சொல்ல முடியவில்லை என்றீர்களே, அந்தச் சொனாட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதற் செய்தியே அதுதான். அங்கே பக்கவாத்தியம் என்று ஒன்று கிடையாது.

அது எப்போதும் அப்படி இருந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் செலோவுக்கு வாய்த்த வேலை, கீழ்ச்சுரங்களைப் பிடித்து மற்ற வாத்தியங்களைத் தாங்குவதுதான். அதைத் தனி வாத்தியமாகக் கருதி எழுதியவர்கள் இருந்தார்கள் என்றாலும், உடன் வாசிக்கும் விசைப்பலகைக்காரருக்குக் கீழ்ச்சுர வரியையும் அதன்மேல் சில இலக்கங்களையும் மட்டும் எழுதிக் கொடுத்து, மற்றதை அவரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது வழக்கம். 1796இல் பெர்லினுக்குச் சென்ற பீத்தோவன், தாமே செலோ வாசிக்கத் தெரிந்த பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் வில்லியமின் அரண்மனைக்காக இரண்டு சொனாட்டாக்களை எழுதியபோது, இரு வாத்தியங்களுக்கும் ஒவ்வொரு சுரத்தையும் தாமே எழுதினார். அப்போதும் பியானோவின் கையே ஓங்கியிருந்தது. தலைப்பிலும் அதன் பெயர்தான் முன்னால் நின்றது. 1808இல் அவர் எழுதிய மூன்றாவது சொனாட்டாவில் செலோ துணை எதுவுமின்றித் தனியாக வாய் திறக்கிறது. அன்றிலிருந்து இந்த இரண்டு வாத்தியங்களுக்கும் இடையிலுள்ள வழக்கு தீரவில்லை. தீராதிருப்பதால்தான் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நம்மூரில் இதற்கு நெருங்கிய உறவு கச்சேரியில் இல்லை, கூத்துக் களரியில் இருக்கிறது. முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள், இருவர் எதிரெதிரே நின்று மாறிமாறிப் பாடும் தர்க்கத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஒருவர் விட்ட அடியை மற்றவர் எடுப்பார், திருப்புவார், சில வேளை அதே மெட்டை வைத்தே மறுத்துப் பாடுவார். பார்த்துக்கொண்டிருக்கும் எவரும் அவர்களில் யார் பிரதானம் என்று கேட்பதில்லை. உங்கள் பேத்தி வாசித்ததை அப்படி ஒரு தர்க்கமாக எண்ணிக்கொண்டு நான்காம் முறை கேட்டுப் பாருங்கள்.

ஆல்பிரெட் ஷ்னிட்கே 1934இல் சோவியத் ஒன்றியத்தில், வொல்கா ஆற்றங்கரை நகரான எங்கெல்சில் பிறந்து, 1998இல் ஜேர்மனியில் இறந்தவர். இந்தச் சொனாட்டாவை 1978இல் எழுதி, நதாலியா குட்மன் என்ற செலோக் கலைஞருக்குக் காணிக்கையாக்கினார். மூன்று பகுதிகள் கொண்ட படைப்புகளில் வேகம், மெதுவு, மீண்டும் வேகம் என்று வைப்பது நெடுநாளைய முறை. இவர் அதைப் புரட்டி, மிக மெதுவாகத் தொடங்கி, நடுவில் மூச்சுவிடாமல் ஓடவைத்து, மீண்டும் மிக மெதுவாக முடிக்கிறார். நடுப்பகுதியைக் கேட்டுத்தான் நீங்கள் திகைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதன்முறை கேட்டபோது எனக்கும் அந்த இடத்தில் எழுந்து போய்விடத் தோன்றியது.

உங்கள் தடுமாற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் வீதியில் நாதஸ்வரத்தில் ஒரு கீர்த்தனை வாசிக்கப்படும்போது, வாத்தியத்தில் சொல் இல்லாவிட்டாலும் நம் மனத்தில் சாகித்தியம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பல்லவி எது, சரணம் எது என்று அந்தச் சொற்களே வழிகாட்டுகின்றன. சொனாட்டாவுக்குப் பின்னால் எந்தப் பாட்டும் ஒளிந்திருக்கவில்லை. சொல்லைத் தேடிக் களைத்த காது, இசையே இல்லை என்று தீர்ப்பளித்துவிடுகிறது.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? ஒலி எப்படி முடிகிறது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பியானோவுக்குள் கம்பளி போர்த்திய சிறு சுத்தியல் தந்தியை அடிக்கிறது. கோயில் மணியைப் போல, அடித்த கணத்திலிருந்தே அந்த ஒலி தேயத் தொடங்கிவிடுகிறது, வாசிப்பவர் நினைத்தாலும் அதை வளர்க்க முடியாது. செலோவின் வில்லோ ஒரு சுரத்தை ஒத்துக்காரர் மூச்சைப் பிடித்து நிற்பதுபோல நிறுத்தவும், மெலிந்ததை மீண்டும் பெருக்கவும் வல்லது. தேய்ந்துகொண்டே போகும் ஒலியும் தேய மறுக்கும் ஒலியும் ஒரே அறைக்குள் இருபது நிமிடங்களுக்கு மேல் இருக்க நேர்ந்தால் என்ன நடக்கும் என்பதையே ஷ்னிட்கே எழுதியிருக்கிறார் என்பது என் வாசிப்பு. இசைநூல்கள் வேறு காரணங்களைச் சொல்லும். அவற்றைப் பேத்தி படித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: செலோவின் விரற்பலகையில் வயலினைப் போலவே, வீணையில் உள்ளது போன்ற மெட்டுகள் இல்லை, ஆகவே சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் வரும். பியானோவில் எப்படியும் வராது. ஹார்மோனியத்தின் மேல் நம் பெரியவர்கள் வைத்த குற்றச்சாட்டு பியானோவுக்கும் பொருந்துமல்லவா? சுரத்தானமே ஒத்துப்போகாத இரண்டு வாத்தியங்களைச் சேர்த்து வைப்பது எந்த நியாயம்?
– வயலின் ஆசிரியர், முள்ளியவளை

பதில்: அந்தக் குற்றச்சாட்டின் பலம் சிறிதல்ல; அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தை விலக்கி, 1971 வரை அந்தத் தடையை வைத்திருந்தது. உங்கள் கேள்வியை இலக்கங்களோடு பார்ப்போம், ஏனெனில் சுருதிக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி, முடிவில்தான் நான் வேறுபடுகிறேன்.

பியானோ ஒரு ஸ்தாயியை, அதாவது சட்சத்திலிருந்து மேல் சட்சம் வரையுள்ள தொலைவை, பன்னிரண்டு சமபங்காக வெட்டுகிறது. அந்தப் பங்கு ஒன்றை மேலும் 100 கூறாக்கினால், காதுக்கு இயல்பாக இனிக்கும் பஞ்சமம் ஆதார சட்சத்திலிருந்து ஏறத்தாழ 702 கூறு தொலைவில் இருக்கும். பியானோவின் பஞ்சமமோ 700இல் நிற்கிறது. இந்த இரண்டு கூறு வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்தர காந்தாரத்தில்தான் சிக்கல். தம்புராவில் தானாக எழும் காந்தாரம் 386 அளவில் இருக்க, பியானோவின் காந்தாரம் 400இல், அதாவது 14 கூறு உயர்ந்து நிற்கிறது. உங்கள் மாணவர் ஒருவர் அந்த அளவு பிசகினால் நீங்கள் வில்லால் மேசையில் தட்டுவீர்கள்.

செலோவின் நான்கு தந்திகளும் நம் வயலினைப் போல ச–ப–ச–ப என்று கட்டப்படுவதில்லை. அடித்தந்தியைச் சட்சமாகக் கொண்டால் அடுத்தது பஞ்சமம், அதற்கடுத்தது மேல் ஸ்தாயி சதுஸ்ருதி ரிஷபம், கடைசி அதே ஸ்தாயியின் சதுஸ்ருதி தைவதம். ஒவ்வொன்றும் முந்தியதற்குப் பஞ்சமம். மேல்தந்தியைப் பியானோவோடு சேர்த்துவிட்டு, மற்ற மூன்றையும் தூய பஞ்சமமாகக் கீழே இறக்கிக்கொண்டு போனால், அடித்தந்தி பியானோவின் அதே சுரத்தைவிட ஏறத்தாழ 6 கூறு தாழ்ந்துவிடும். ஆகவே பியானோவோடு அமரும் செலோக் கலைஞர்கள் பலர் தங்கள் பஞ்சமங்களைச் சற்றே இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். வாசிக்கும்போதும், பியானோவின் சுரத்தோடு சேர்ந்து நிற்கும் இடத்தில் அதற்கு இணங்கியும், தனியே பாடும் இடத்தில் தங்கள் காதுக்கு உகந்தபடியும் விரலை நகர்த்துவார்கள். கணத்துக்குக் கணம் நடக்கும் இந்தச் சமரசத்தை வயலின்காரராகிய நீங்கள் எங்களைவிட நன்றாகக் கேட்பீர்கள்.

இனி நியாயத்துக்கு வருகிறேன். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு. 20ஆம் நூற்றாண்டில் எழுதியவர்களுக்கு அவை ஒத்துப்போகாததுதான் கைப்பொருளாக இருந்தது. அமெரிக்கரான எலியட் கார்ட்டர் 1948இல் எழுதிய சொனாட்டாவின் தொடக்கத்தில், பியானோ கடிகாரம்போல அடி பிசகாமல் நடக்க, செலோ அந்த நடையை ஏறெடுத்தும் பாராமல் தன்போக்கில் நீண்டு பாடுகிறது. ஆங்கிலேயரான பெஞ்சமின் பிரிட்டன் மறுபக்கம் போனார்: 1961இல் எழுதிய சொனாட்டாவின் இரண்டாம் பகுதியில் செலோக் கலைஞர் வில்லை ஒதுக்கிவிட்டு முழுவதையும் விரலால் மீட்ட வேண்டும். நீண்டு நிற்கும் வரம் பறிபோன செலோ, பியானோவைப் போலவே தேயும் ஒலிகளோடு அதனுடன் துள்ளுவதைக் கேட்கும்போது எனக்கு வீணையும் ஜலதரங்கமும் நினைவுக்கு வரும். பியானோவும் சும்மா இருப்பதில்லை. பெடலை மிதித்தால் தந்திகளின் மேல் படிந்திருக்கும் தடுப்புகள் எல்லாம் ஒருசேர எழ, அடிக்காத தந்திகளும் செலோவின் சுரத்துக்கு இரங்கி மெல்ல அதிரும். கமகம் தர முடியாத வாத்தியம் அப்படி ஒரு எதிரொலியையாவது தருகிறது.

கமகத்துக்குப் பியானோ தகாது என்ற உங்கள் தீர்ப்பில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இங்கே அதனிடம் யாரும் கமகம் கேட்கவில்லை.

கேள்வி: சொனாட்டா என்றால் என்ன பொருள்? 1948ஐயும் 1961ஐயும் 'சமகாலம்' என்று எழுதியிருந்தீர்களே, என் அப்பப்பாவின் காலமல்லவா அது?
– உயர்தர மாணவர், மாங்குளம்

பதில்: 'ஒலிக்கச் செய்தல்' என்ற பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது, பாடப்படுவதைக் கன்டாட்டா என்றும் வாத்தியத்தில் ஒலிக்கப்படுவதைச் சொனாட்டா என்றும் பிரித்தார்கள். இரண்டாவது விடயத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்தத் துறையில் 1945க்குப் பிற்பட்ட அனைத்தையும் சமகாலம் என்று தாராளமாக அழைக்கும் பழக்கம் இருக்கிறது, நானும் யோசிக்காமல் எழுதிவிட்டேன். உங்களுக்கு நெருக்கமான காலம் வேண்டுமென்றால், 1973இல் பிறந்தவரும் தாமே பியானோக் கலைஞருமான லேரா ஆவர்பாக் 2002இல் எழுதிய செலோ சொனாட்டாவைத் தேடிக் கேளுங்கள்.

கேள்வி: எங்களுடையது மேளக் குடும்பம். எழுதி வைத்ததை அப்படியே வாசிப்பதில் மனோதர்மத்துக்கு இடமேது? கற்பனை இல்லாத வித்துவத்தை எப்படி மெச்சுவது?
– ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: நாதஸ்வரத்தில் ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்த பரம்பரைக்கு இந்தக் கேள்வி எழாமல் இராது. சொனாட்டாவில் சுரம் ஒவ்வொன்றும் எழுதப்பட்டுவிட்டது. கலைஞர் ஒரு பிருகாவைக்கூடச் சேர்க்க முடியாது. அவருக்கு விடப்பட்டிருப்பது சுரங்களுக்கு இடைப்பட்ட நிலம். ஒரே சுரத்தை எந்தத் தந்தியில் எடுப்பது, வில்லை மேல்நோக்கி இழுப்பதா கீழ்நோக்கியா, தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு அருகே உரசிக் கூர்மையாக்குவதா, விரற்பலகைக்கு மேலே உரசி மங்கச் செய்வதா, ஒரு மௌனத்தை எவ்வளவு நேரம் தாங்குவது என்பனவெல்லாம் அவர் கையில். இரண்டு கலைஞர்களின் பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால், நாட்டைக்குறிஞ்சி ராகத்தை இரண்டு வித்துவான்கள் வாசித்த அளவுக்கு வேறுபாடு இராது. ஆனால் ஒரே வாக்கியத்தைத் தாயும் நீதவானும் சொன்ன அளவுக்கு இருக்கும்.

மெச்சுவது கட்டாயமில்லை. கார்ட்டரின் முதற்பகுதியை மட்டும் ஒருமுறை கேளுங்கள். தாளத்துக்கு மேலே தாளம் பாராமல் மிதக்கும் ஆலாபனையை, எழுத்தில் பிடித்துவைக்க ஒரு மனிதர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்று தவில்காரருக்கு உடனே விளங்கும். இதற்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிரிப்பும் வரலாம்.

கேள்வி: எங்கிருந்து தொடங்கலாம்? யூடியூப்பில் கேட்டேன், செலோ ஏதோ தகரத்துக்குள் இருந்து வருவதுபோல இருந்தது.
– வங்கி ஊழியர், கிளிநொச்சி

பதில்: தகரம் உங்கள் கைத்தொலைபேசிக்குச் சொந்தமானது. செலோவின் அடித்தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 65 முறை அதிர்கிறது. கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கி 200, 300 அதிர்வுகளுக்குக் கீழே பெரும்பாலும் ஊமை. அந்தத் தந்தியின் மேலதிர்வுகள் மட்டும் உங்களுக்கு எட்ட, அடிச்சுரத்தை உங்கள் மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இந்த ஊகிக்கும் வித்தை புதிதல்ல. ஆனால் இன்று அந்தத் தவம் தேவையில்லை. சாதாரண ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு மீண்டும் கேளுங்கள். சென்ற முறை இல்லாத வாத்தியம் ஒன்று கீழே இருந்து எழும்.

தொடங்குவதற்குப் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுசி 1915இல் எழுதிய சொனாட்டாவைச் சொல்வேன். முதல் உலகப் போரின் நடுவில், ஆறு சொனாட்டாக்கள் எழுதும் எண்ணத்தோடு அவர் தொடங்கியவற்றில் இது முதலாவது. மூன்றை முடித்துவிட்டு 1918இல் இறந்துபோனார். பன்னிரண்டு நிமிடம்கூட எடுக்காது. பியானோக்காரர் செலோவோடு மல்லுக்கட்டக் கூடாது, அதற்குத் துணை நிற்க வேண்டும் என்று டெபுசியே குறித்துவைத்திருக்கிறார். அதாவது, நான் முதற் பதிலில் சொன்னதற்கு அவர் ஒரு முக்கியமான எதிர்ச்சாட்சி. அடுத்ததாகப் பெஞ்சமின் பிரிட்டனின் சொனாட்டா. 1960இல் லண்டனில் ரஷ்யச் செலோக் கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச் வாசிக்கக் கேட்ட பிரிட்டன் அவருக்காகவே எழுதி, மறு ஆண்டு இங்கிலாந்தின் ஆல்ட்பரோ இசை விழாவில் தாமே பியானோவில் அமர்ந்து அவரோடு வாசித்த படைப்பு. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் ஒழுங்காகத் தெரியாது, அரைகுறை ஜேர்மன் மொழியில் பேசிக்கொண்டார்கள் என்பதை நினைத்துக்கொண்டு, 'உரையாடல்' என்று பெயரிடப்பட்ட முதற்பகுதியைக் கேளுங்கள். இந்த இரண்டையும் கேட்டபின் ஷ்னிட்கேயிடம் போகலாம். விசுவமடு ஆசிரியை நேராக அங்கேதான் தள்ளப்பட்டார் என்பது அவருடைய விதி.

கேள்வி: வயலின் பழகும் என் பதினொரு வயது மகன் இப்போது செலோ வேண்டும் என்கிறான். வெளிநாட்டில் உள்ள தம்பி வாங்கி அனுப்பத் தயார். வாங்கலாமா?
– மல்லாவி வாசகர்

பதில்: கற்பிக்க ஆளைப் பிடிப்பதற்கு முன் வாத்தியத்தை வாங்க வேண்டாம். பெரியவர்கள் வாசிக்கும் செலோவின் உடல் மட்டும் 75 சென்ரிமீற்றர் அளவு. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அரை அல்லது முக்கால் அளவு வாத்தியம்தான் பொருந்தும், சில ஆண்டுகளில் அதை மாற்றவும் வேண்டும். செலோக்காரர்கள் தொடர்ந்து வாசித்துவரும் பெரிய குழு என்றால் 1958 முதல் இயங்கும் இலங்கை சிம்பொனி இசைக்குழு இருக்கிறது. ஆனால் அது கொழும்பில். வாரம் ஒருமுறை ஏ9 வீதியால் போய்வர ஒரு பிள்ளையால் முடியாது. இணையவழியில் பழகலாம் என்பார்கள். வில் பிடிக்கும் கையை முதல் ஆறு மாதமாவது ஒருவர் நேரில் தொட்டுத் திருத்த வேண்டும் என்பது என் பிடிவாதம்.

வன்னி வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். செலோவின் மரப்பலகைகள் விலங்குத்தோலைக் காய்ச்சி எடுத்த பசையால் ஒட்டப்பட்டவை; பழுது பார்க்கும்போது எளிதாகப் பிரிய வேண்டும் என்பதற்காகவே அந்தப் பசை. வெப்பத்திலும் ஈரத்திலும் அது இளகும், கச்சான் காற்றின் வறட்சியில் மரம் சுருங்கி வெடிக்கும். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று ஓர் ஓகஸ்ட் மாதத்தில் செலோவை வான் வண்டியின் பின்னிருக்கையில் வைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வவுனியாவில் சாப்பிட இறங்கியது. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது கழுத்து உடலை விட்டு விலகியிருந்தது. ஆகவே, இப்போதைக்கு வயலினையே தொடரட்டும். அதே விரல், அதே காது. செலோவுக்கு மாறும்போது எதுவும் வீணாகாது. ஆசிரியர் கிடைத்த பிறகும் அவன் ஆசை மாறாதிருந்தால் தம்பிக்கு எழுதுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் அப்படியொரு கச்சேரி நடந்தால் போக ஆசை. ஒரு பகுதி முடிந்ததும் கைதட்டலாமா? முழுவதும் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?
– புதுக்குடியிருப்பு வாசகி

பதில்: பகுதிகளுக்கு இடையே தட்டுவதில்லை என்பது இன்றைய வழக்கம், 19ஆம் நூற்றாண்டில் தாராளமாகத் தட்டினார்கள், ஆகையால் தவறித் தட்டிவிட்டால் கூசிக் குறுக வேண்டியதில்லை. முடிவை அறியச் சுரத்தை நம்ப வேண்டாம், அது காதுக்கு எட்டாமல் போன பிறகும் அவர்கள் முடித்திருக்க மாட்டார்கள். செலோக் கலைஞரின் வில் தந்தியை விட்டுத் தாழ்ந்து, பியானோக் கலைஞரின் கால் பெடலிலிருந்து எடுக்கப்படும்வரை காத்திருங்கள்.